பிரஷர் குளிசை என்று சொல்லுங்கோ

பிழையான மருந்தை ஒருநாளும் எடுத்துக் கொடுத்ததில்லை என்று என்னால் சொல்ல முடியும். முப்பத்திரண்டு வருடம் அரச ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக நின்றவனுக்கு அது சின்னப் பெருமையல்ல. பிரியாவிடை நாளில் மாலை போட்டுக் கதைத்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் சரியான மருந்தை, சரியான அளவில், சரியான ஆளின் கையில் கொடுத்து, அதே மருந்தால் இன்னொரு மனிதரைச் சாகக் கிடத்தியவனும் நான்தான். அதை அன்றைக்கு மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. களஞ்சியம், பதிவேடு, குளிர்ப்பெட்டி எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கொம்பியூட்டரில் ஒரு பக்கம் தட்டி முடிக்கும் நேரத்தில் நீங்கள் ஒரு மாதக் கணக்கை முடித்துவிடுவீர்கள். அதில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. கவுண்டரில் நின்று வாயால் கொடுக்கும் மருந்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதுவும் பட்டுத் தெரிந்ததுதான்.

எங்கள் மருந்தகத்துக்கு ஒரே ஒரு யன்னல். அதற்கு முன்னால் மூன்று நீள வாங்குகள். மனநல கிளினிக் நாளிலும் சரி, பிரஷர் கிளினிக் நாளிலும் சரி, எல்லாரும் அந்த வாங்குகளில்தான் இருப்பார்கள். குடாநாட்டில் ஒருவர் இன்னொருவருக்குத் தெரியாத ஆளாக இருப்பது லேசான காரியமல்ல. எந்த ஒழுங்கை, யாருடைய மகள், எங்கே கட்டியது என்று இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவது கேள்வி, என்ன வருத்தம், என்ன நோய் என்பது.

அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. என்னைப் பழக்கிய பெரிய மருந்தாளரிடமிருந்து எனக்கு வந்தது. மனநல கிளினிக்கில் இருந்து அட்டை வந்தால் குரலைத் தாழ்த்தி, ஆளுக்கொரு வேறு வருத்தத்தைச் சொல்லிவிடுவோம். நித்திரைக் குளிசை, நரம்புக் குளிசை, சத்துக் குளிசை. கேட்டால் இப்படிச் சொல்லுங்கோ என்று உறையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவோம். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை. கிளினிக் அட்டை ஒன்று வெளியே தெரிந்து கலியாணம் குழம்பியதை அவர் கண்ணால் கண்டவர். நானும் அதைக் கருணை என்றே நினைத்துச் செய்துவந்தேன். சொல்லப்போனால் அந்தக் கருணையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது அந்தப் பெண் வரத் தொடங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். புத்தூரில் தோட்டக்காரக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். கரவெட்டிப் பக்கத்தில் ஓர் அரச அலுவலகத்தில் எழுத்து வேலை. தினமும் பருத்தித்துறை பஸ்ஸில் போய்வர வேண்டும். வழியில் வல்லை வெளி. இரண்டு பக்கமும் வெட்டவெளியும் தண்ணீரும் காற்றும்தான், ஒரு வீடு இருக்காது. பஸ் அந்த வெளிக்குள் இறங்கியதும் அவருக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்கும், கை நடுங்கும், இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றும். ஒருநாள் தாங்க முடியாமல் நடு வெளியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வெயிலில் தனியே நின்றிருக்கிறார். இதயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், ஒரு பிழையும் இல்லை. பிறகுதான் எங்கள் மனநல வைத்தியரிடம் அனுப்பினார்கள். வீட்டில் அதை நெஞ்சு இடிப்புக்கு மருந்து எடுக்கிறேன் என்ற அளவில் சொல்லி வைத்திருந்தார்.

முதலில் கொடுத்த மருந்து அவருக்கு ஒத்துவரவில்லை. வயிற்றைப் பிரட்டியது, பதகளிப்பு, அதாவது அந்தப் பயமும் படபடப்பும், குறைவதற்குப் பதிலாகக் கூடியது. சில கிழமைகள் பொறுத்தால் சரிவரும் என்று சொல்லியிருந்தோம், பொறுத்துப் பார்த்து முடியாமல் வந்தார். இரண்டாவது மருந்து அலுவலக மேசையிலேயே தலையைச் சாய்க்க வைத்தது. மூன்றாவதாகத்தான் வைத்தியர் புரோப்ரனலோல் எழுதினார். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் என்று வந்த பழைய மருந்து. நெஞ்சு இடிப்பையும் நடுக்கத்தையும் அது அடக்கும் என்பது வைத்தியர்கள் கைப்பழக்கத்தில் அறிந்தது. பெட்டியில் அச்சடித்த தேவை ஒன்று, கொடுக்கும் தேவை இன்னொன்று. இப்படிக் கொடுப்பது ஊரில் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் வாங்கிப் போடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

அவர் பெட்டிக்குள் இருந்த தாளை விரித்துப் படித்துவிட்டு யன்னலுக்கு வந்தார்.

“ஐயா, இதிலை பிரஷர் எண்டு கிடக்கு, இதயம் எண்டு கிடக்கு. என்ரை வருத்தம் ஒரு இடத்திலையும் இல்லையே.”

இந்தக் கேள்விக்கு நான் நல்லாகவே பதில் சொன்னேன். மருந்துக் கொம்பனி எதற்கு அனுமதி எடுத்ததோ அதைத்தான் தாளில் போடும், வைத்தியர் உங்களைப் பார்த்து யோசித்துத்தான் எழுதியிருக்கிறார், உங்களில் சோதனை செய்து பார்க்கவில்லை என்றேன். கை கால் குளிரும், முதல் கிழமை களைக்கும், கனவு கூடலாம், படுக்கையிலிருந்து சடாரென்று எழும்பக்கூடாது, நிற்பாட்டுவதென்றால் எங்களைக் கேட்காமல் நிற்பாட்டக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முட்டு இருக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் இளைப்பு, ஆஸ்துமா என்று எழுதுவதை எங்கள் சனம் முட்டு என்றுதான் சொல்லும். அந்த வருத்தக்காரருக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது. அவர் இல்லை என்றார். அதுவும் உண்மை.

பிறகு அவர் கேட்டார்: “வீட்டிலை இதை எப்பிடி விளங்கப்படுத்திறது, ஐயா?”

பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நான் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினேன்.

“பிரஷர் குளிசை எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி. உண்மையிலை பிரஷர் குளிசைதானே. பொய் சொன்னதாயும் இருக்காது.”

அவர் உறையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். ஏதோ சொல்ல வந்தது மாதிரி இருந்தது. அதற்குள் அடுத்த அட்டையை நான் கையில் எடுத்துவிட்டேன்.

அதன்பிறகு மாதாமாதம் வந்தார். மருந்தோடு அவர் பட்ட பாட்டை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார். விரல் நுனி ஐஸ் மாதிரிக் குளிருகிறது, அலுவலகப் படி ஏற இரண்டு தரம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது, விடியப்புறம் வரும் கனவுகள் எழும்பியபிறகும் போகவில்லை என்று தேதி போட்டு எழுதியிருப்பார். வைத்தியர் அளவைக் குறைத்துப் பார்த்தார், பிறகு மெல்லக் கூட்டினார். பஸ் ஏற எவ்வளவு நேரத்துக்கு முன் போட்டால் நல்லது என்று அவரே கண்டுபிடித்தார். சாப்பிட்ட பிறகு போட்டால் தலைச்சுற்று குறைவு என்பதும் அவர் கண்டுபிடித்ததுதான். மருந்தைப் பற்றிப் படித்தவன் நான், மருந்தோடு சீவித்துப் பழகியவர் அவர். எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத சில விஷயங்களை அந்தக் கொப்பியில்தான் படித்தேன்.

கிளினிக்குக்கு வரத் தொடங்கிய ஆறாம் மாதம், யன்னலுக்கு வந்ததும், “இந்த மாசம் முழுக்க ஒருநாளும் இறங்கேல்லை, ஐயா. வல்லையிலை யன்னல் சீற்றிலை இருந்து வந்தனான்” என்றார். எனக்கு என்னுடைய பிள்ளை சோதனை பாஸ் பண்ணினது மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெயர் சொல்லாமல் இதைப் பெருமையடித்தேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு காலை, அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்து தொலைபேசி வந்தது. மூச்சுத்திணறலுக்குப் புகையாகப் பிடிக்கும் மருந்து முடியப்போகிறது, உடனே அனுப்புங்கோ என்றார்கள். கொண்டுபோக ஆள் இல்லாததால் நானே எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் ஒரு வயோதிபர் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். உதடு நீலம். இரண்டு தரம் புகை பிடித்தும் இளகவில்லை என்று தாதி சொன்னார். பக்கத்தில் அவருடைய மகன், பழைய கிளினிக் அட்டையைக் காட்டி, அப்பா வழக்கமாகப் போடும் மருந்து இவ்வளவுதான் என்று இளம் வைத்தியருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மகனுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றவர் எங்கள் வல்லைப் பெண். கட்டிலில் இருந்தவர் அவருடைய மாமனார்.

என்னைக் கண்டதும் அவர் பார்த்த பார்வையை நான் என்னென்று சொல்வது. இரண்டு தரம் புகை பிடித்தும் இளகாத முட்டுக்கு என்ன காரணமாக இருக்கும் என்று எனக்கு உறைத்தது. அவரை ஒரு பக்கம் கூப்பிட்டேன்.

“தங்கச்சி, மாமா உங்கடை குளிசை போட்டவரோ?”

“ஓம்.”

நடந்ததை இரண்டு நிமிடத்தில் சொன்னார். மாமனார் வெங்காயத் தோட்டக்காரர். முட்டும் பிரஷரும் பல வருடமாக உள்ளவர், இன்னோர் ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கிறவர். அவருடைய கிளினிக் நாள் பௌர்ணமிப் போயா விடுமுறையில் விழுந்துவிட்டது, அடுத்த கிழமைதான் வரச் சொல்லியிருந்தார்கள், குளிசை முடிந்துவிட்டது. பிரஷர் குளிசையை ஒருநாளும் விடக்கூடாது என்று எங்களைப் போன்றவர்கள் அவருக்கு ஓதி ஓதி வைத்திருக்கிறோம். அவர் சொல்வழி கேட்கிற மனிதர். முதல் நாள் பின்னேரம், மகன் இன்னும் வீடு திரும்பாத நேரம், மற்ற எல்லாரும் இருக்கும்போது மருமகளிடம், உன்னுடைய பிரஷர் குளிசையில் ஒன்று தா என்று கேட்டிருக்கிறார். இவர் என்ன காரணம் சொல்லி மறுப்பது? அதோடு, உண்மையிலேயே இது பிரஷர் குளிசைதானே என்று நான் சொன்னது இவர் காதில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கிறார். காலையில் மாமனார், உன்னுடையது சின்னனாக இருக்கிறது, எனக்கு ஒன்று காணாது என்று இரண்டு கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்.

நான் ஓடிப்போய் வைத்தியரிடம் மருந்தின் பெயரைச் சொன்னேன். மெல்லத்தான் சொன்னேன். ஆனால் அவர் திடுக்கிட்டு, உரத்த குரலில், புரோப்ரனலோலா, அது யாருடைய குளிசை, எத்தனை போட்டவர் என்று கேட்டார். மகனுக்குக் கேட்டுவிட்டது.

“எங்கடை வீட்டிலை உந்தப் பேரிலை குளிசை ஒருத்தரும் போடுறேல்லை, டொக்டர்” என்றார் மகன்.

வைத்தியர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில் இருந்த ஊசியோடு யோசித்துக்கொண்டு நின்றார். கட்டிலில் அந்த மனிதருடைய மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. இப்போது உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். என் வாயில் இரண்டாவது பொய் வந்து நின்றது. மருந்தகத்தில் உறை மாறிப் போயிருக்கலாம் என்று சொல்லிவிடலாம், பழி என்னோடு போகட்டும், இந்தப் பெண்ணின் குடும்பம் தப்பட்டும் என்று நினைத்தேன். அது துணிச்சலா கோழைத்தனமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் எத்தனை போட்டார், எப்போது போட்டார் என்ற கேள்விகளுக்கு அந்தப் பொய் பதில் சொல்லாது. வைத்தியருக்குத் தேவையாக இருந்தது அந்தப் பதில்தான்.

நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பெண் முன்னால் வந்துவிட்டார்.

“என்ரை குளிசை, டொக்டர். நாப்பது மில்லிகிராம். நேற்றுப் பின்னேரம் ஒண்டு, இண்டைக்குக் காலமை ஆறு மணிக்கு ரெண்டு. நான்தான் எடுத்துக் குடுத்தனான்.”

பிறகு புருஷனின் பக்கம் திரும்பினார்.

“அது பிரஷருக்கு இல்லை. எனக்குப் பதகளிப்பு. ஏழு மாசமா இங்கை மனநல கிளினிக்குக்கு வாறன்.”

வைத்தியர் அதற்குமேல் ஒரு கணமும் நிற்கவில்லை. மருந்தை மாற்றினார், பெரியாஸ்பத்திரியோடு தொலைபேசியில் கதைத்தார். மத்தியானமளவில் அந்த மனிதர் தலையணையில் சாய்ந்து படுக்கக்கூடியதாக இருந்தது. தப்பிவிட்டார். வெளி வாங்கில் புருஷன் ஒரு முனையிலும் பெண் மறு முனையிலும் இருந்ததை யன்னலால் கண்டேன்.

அன்று பின்னேரமே மனநல வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைவிட இருபது வயது இளைய பெண். ஏசுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இப்பிடி இன்னும் எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறீங்கள், ஐயா?”

எனக்கு எண்ணிக்கை தெரியவில்லை. எத்தனை வீடுகளில், எத்தனை பிஸ்கற் ரின்களுக்குள், நான் கொடுத்த பொய்ப் பெயர்களோடு குளிசைகள் கிடக்கின்றன என்று யோசிக்க உடம்பு கூசியது.

அடுத்த கிளினிக்கில் இருந்து யன்னலை மட்டும் நம்பி வேலை செய்வதை விட்டேன். களஞ்சிய அறையில் ஒரு மூலையைத் துப்புரவாக்கி இரண்டு கதிரை போட்டோம். மனநல மருந்து எடுக்கிறவர்களை ஒவ்வொருவராக அங்கே கூப்பிட்டு, உங்களுடைய வீட்டில் வேறு யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்கத் தொடங்கினேன். முப்பது வருடமாக அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. உறையில் மருந்தின் சரியான பெயரும், இவரைத் தவிர வேறு ஒருவரும் போடக்கூடாது என்ற வரியும் போட்டுக் கொடுத்தோம். எல்லாரும் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று நான் ஒருவரையும் வற்புறுத்தவில்லை. சொன்னால் அடி விழும் வீடும் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஒளிப்பதா சொல்வதா என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஒளிக்கத்தான் வேண்டும் என்றால், இன்னொருவர் கைநீட்டிக் கேட்காத விதமாக ஒளிக்கும் வழியை அவர்களோடு இருந்து யோசித்தேன். மயிலிட்டிக் கடற்றொழிலாளி ஒருவர், “நான் வயித்துப் பூச்சிக் குளிசை எண்டு சொல்லப்போறன். எங்கடை வீட்டிலை அதை ஒருத்தனும் கடன் கேக்கான்” என்றார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. உறையில் அப்படி எழுதமாட்டேன், வாயால் சொல்வது உங்களுடைய விருப்பம் என்றேன்.

ஆனால் அந்தப் பெண் அந்த கிளினிக்குக்கு வரவில்லை. கையில் இருந்த குளிசை முடிந்திருக்க வேண்டும். இந்த மருந்தைச் சடாரென்று விட்டால் அடக்கி வைத்திருந்த இடிப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரலாம். புத்தூர் எனக்குத் தூரமில்லை, வீட்டையும் விசாரித்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே கேளாமல் அவருடைய வீட்டுக்குள் என் வாயை நீட்டியவன் நான். திரும்பவும் என்ன முகத்தோடு போவது? வைத்தியர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தார், ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று கிழமை அந்த வாங்கைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். இரவில் நித்திரை குறைந்தது.

நாலாவது கிழமை அவர் வந்தார். மாமனாரும் கூட வந்திருந்தார். அவர் வெளி வாங்கில் இருந்துகொண்டு, இவரை மட்டும் உள்ளே அனுப்பினார். அவரை உள் மூலையில் கதிரையில் இருத்தி, நான் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். பிழை என்னுடையது, நான் சொன்னதைக் கேட்டதால்தான் இவ்வளவும் வந்தது என்றேன்.

மருந்தை அவர் நிற்பாட்டவில்லை. பாதி பாதியாக உடைத்து, கொப்பியில் எழுதி, மெல்லக் குறைத்து வந்திருக்கிறார். வல்லையில் இரண்டு நாள் திரும்பவும் பயம் வந்தது, ஆனால் இறங்கவில்லை என்றார். மாமனார் ஒருநாளும் குறை சொல்லவில்லையாம், இன்றைக்கு அவர்தான் வற்புறுத்திக் கூட்டி வந்தாராம். புருஷனைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“அவருக்கு என்ரை வருத்தம் பெரிசாத் தெரியேல்லை, ஐயா. ஏழு மாசம் பக்கத்திலை படுத்துக்கொண்டு ஒளிச்சனான் எண்டதுதான் தாங்கேலாமல் கிடக்கு. அப்ப நான் உனக்கு ஆர் எண்டு ஒருக்கால் கேட்டவர். பிறகு முந்தி மாதிரி என்னோடை கதைக்கிறேல்லை.”

நான் குளிசை உறையை நீட்டினேன். அவர் வாங்கி, எழுதியிருந்ததை ஒருதரம் வாசித்தார்.

“முதல் நாள் இந்தக் குளிசை எடுக்க வரேக்கை, வீட்டை போய் அவரிட்டை எல்லாத்தையும் சொல்லுறது எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான். சொல்லத் தெரியாமல்தான் உங்களிட்டைக் கேட்டனான். இது ஒளிக்கவேண்டிய வருத்தம் எண்டு எனக்கு முதன்முதல் சொன்னது நீங்கள்தான், ஐயா.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.